மேலே உட்கார்ந்திருக்கும் சின்ன எண்
பிள்ளைகளின் அடுக்குக் கணக்கும் நம் குழுப் பணத்தின் பாதுகாப்பும்



ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களின் கணக்குப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஓர் எண்ணின் தலைமேல், வலது ஓரத்தில், இன்னொரு எண் சின்னதாக உட்கார்ந்திருக்கும். 2³ என்று இருக்கும், 10⁵ என்று இருக்கும். இதற்கு 'அடுக்கு' என்று பெயர். "இதெல்லாம் நாங்க படிக்கிற காலத்துல வரலைங்க, பையன் கேட்டா டியூஷன் டீச்சரைக் கேளுன்னு சொல்லிடறோம்" என்று நம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கிறோம்.

ஒதுங்கத் தேவையில்லை. பெருக்கல் தெரிந்த எவருக்கும் அடுக்கு புரியும். அதோடு இது பிள்ளைகளின் பரீட்சைக்கு மட்டும் வேண்டிய கணக்கும் அல்ல. வட்டிக்கு வட்டி போடுகிறவரிடமும், "ஆறு பேரைச் சேர்த்துவிடுங்கக்கா போதும்" என்று வருகிறவரிடமும் இருப்பது இதே அடுக்குதான். அதைப் புரிந்துகொண்டவர்களை ஏமாற்றுவது கஷ்டம். ஆகவே இந்த இதழில் பாடத்தையும் அதன் பயனையும் சேர்த்தே பார்ப்போம்.

அடுக்கு என்றால் என்ன?

திருப்பூர் பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்யும் உறுப்பினர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு பாக்கெட்டில் 10 பனியன், ஒரு பெட்டியில் 10 பாக்கெட், ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் 10 சின்னப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெரிய பெட்டியில் மொத்தம் எத்தனை பனியன்? 10 × 10 × 10 = 1,000. பத்தை மூன்று தடவை எழுதிப் பெருக்கியிருக்கிறோம். இதைச் சுருக்கி 10³ என்று எழுதுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

கீழே பெரிதாக இருக்கிற 10-க்கு 'அடிமானம்' என்று பெயர். எந்த எண்ணைப் பெருக்குகிறோம் என்பதை அது சொல்லும். மேலே சின்னதாக இருக்கிற 3-க்கு 'அடுக்கு' என்று பெயர். எத்தனை தடவை எழுதிப் பெருக்க வேண்டும் என்பதை அது சொல்லும்.

பிள்ளைகள் அதிகம் தவறு செய்கிற இடமும் இதுதான். 2³ என்றால் 2 × 3 = 6 என்று எழுதிவிடுவார்கள். சரியான விடை 2 × 2 × 2 = 8. சின்ன எண்களில் இந்த வித்தியாசம் அற்பமாகத் தெரியும். 2 × 10 என்றால் 20. ஆனால் 2¹⁰ என்றால் 1,024. கொஞ்சம் மேலே போனால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் ஆகிவிடும். 2 × 30 வெறும் 60. 2³⁰ என்பது 107 கோடிக்கும் மேல்.

ஆகவே பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது: "கண்ணு, மேல இருக்கிறது பெருக்குற எண் இல்லை, எத்தனை தடவைன்னு சொல்ற எண்."

நான்கு விதிகள்

புத்தகத்தில் இவற்றைச் சூத்திரமாகக் கொடுத்திருப்பார்கள். நாம் பணக் கணக்காகப் பார்க்கலாம்.

முதல் விதி: அடிமானம் ஒன்றாக இருந்தால், பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும். ஆயிரம் உறுப்பினர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் எவ்வளவு? 10³ × 10² = 10⁵. அதாவது ஒரு லட்சம். சைபர்களைச் சேர்த்து எண்ணினாலும் அதுவே வரும்.

இரண்டாம் விதி: வகுக்கும்போது அடுக்குகளைக் கழிக்க வேண்டும். ஒரு கோடியில் எத்தனை லட்சம்? 10⁷ ÷ 10⁵ = 10². அதாவது நூறு லட்சம்.

மூன்றாம் விதி: அடுக்குக்கு மேல் அடுக்கு வந்தால் அவற்றைப் பெருக்க வேண்டும். (10²)³ என்றால் நூறை மூன்று தடவை எழுதிப் பெருக்குவது. விடை 10⁶, பத்து லட்சம்.

நான்காம் விதிதான் எல்லோரையும் குழப்பும். எந்த எண்ணுக்கும் (சைபரைத் தவிர) மேலே சைபர் அடுக்கு வந்தால் விடை 1. "ஏனுங்க, சைபர் தடவை பெருக்கினா சைபர்தானே வரணும்?" என்று கேட்கத் தோன்றும். மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கிப் பாருங்கள்.

2³ = 8
2² = 4
2¹ = 2
2⁰ = ?

ஒவ்வொரு படி இறங்கும்போதும் எண் பாதியாகிறது. எட்டில் பாதி நான்கு, நான்கில் பாதி இரண்டு, இரண்டில் பாதி ஒன்று. ஆகவே 2⁰ = 1. மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

அரை, கால், அரைக்கால்

அப்படியே இன்னும் கீழே இறங்கினால் என்ன ஆகும்? ஒன்றில் பாதி அரை. அரையில் பாதி கால். காலில் பாதி அரைக்கால். அரைக்காலில் பாதி மாகாணி. நம் பாட்டிமார் வாயில் சாதாரணமாகப் புழங்கிய கணக்கு இது. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் இதற்கென்றே வாய்பாடு உண்டு. இன்றைய புத்தகத்தில் அதையே இப்படி எழுதுகிறார்கள்:

2⁻¹ = 1/2 (அரை)
2⁻² = 1/4 (கால்)
2⁻³ = 1/8 (அரைக்கால்)
2⁻⁴ = 1/16 (மாகாணி)

மேலே கழித்தல் குறி வந்தால் விடையும் கழித்தல் எண்ணாகிவிடும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அது தவறு. கழித்தல் அடுக்கு என்றால் 'பெருக்காதே, வகு' என்று அர்த்தம். எண் சின்னதாகுமே தவிர சைபருக்குக் கீழே போகாது. கால் என்பது கடன் அல்லவே!

லட்சமும் கோடியும் மில்லியனும்

பத்தின் அடுக்கில் ஒரு சௌகரியம் உண்டு. மேலே என்ன எண் இருக்கிறதோ, ஒன்றுக்குப் பின்னால் அத்தனை சைபர். இந்தப் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாலும் தகும்:

நூறு = 10²
ஆயிரம் = 10³
லட்சம் = 10⁵
பத்து லட்சம், அதாவது ஒரு மில்லியன் = 10⁶
கோடி = 10⁷
நூறு கோடி, அதாவது ஒரு பில்லியன் = 10⁹
லட்சம் கோடி = 10¹²

செய்தியில் ஒருவர் மில்லியன் என்பார், இன்னொருவர் கோடி என்பார். எது பெரிது என்று தடுமாறத் தேவையில்லை. மேலே இருக்கிற சின்ன எண்ணைப் பாருங்கள், அதில் எது பெரிதோ அதுதான் பெரிது. பட்ஜெட் செய்தியில் வரும் 'லட்சம் கோடி'யும் இப்போது புரியும். 10⁵ × 10⁷ = 10¹². ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு சைபர்.

அறிவியல் குறியீடு எதற்கு?

விஞ்ஞானிகளுக்கு மிகப் பெரிய எண்களும் வரும், மிகச் சின்ன எண்களும் வரும். சைபரை எண்ணி எண்ணி எழுதினால் ஒன்று விட்டுப்போகும், இல்லாவிட்டால் ஒன்று கூடிப்போகும். அதனால் எல்லா எண்ணையும் ஒரே அச்சில் எழுத ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் 1-லிருந்து 10-க்குள் இருக்கிற ஓர் எண். பின்னால் பத்தின் ஓர் அடுக்கு. இரண்டுக்கும் நடுவே பெருக்கல் குறி. அவ்வளவுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோவை மாவட்டத்தின் மக்கள் 34,58,045 பேர். ஏறக்குறைய 35 லட்சம். இதை 35 × 10⁵ என்று எழுதினால் மதிப்பு சரிதான். ஆனால் முன்னால் உள்ள எண் பத்துக்கு மேல் போய்விட்டதால் அது அறிவியல் குறியீடு ஆகாது. 3.5 × 10⁶ என்று எழுத வேண்டும். பரீட்சையில் இந்த இடத்தில்தான் ஒரு மார்க் போகும்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. பவானியும் மோயாறும் கூடுகிற இடத்தில் இருக்கிறது பவானிசாகர் அணை. 1955-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. என்று பேப்பரில் படிக்கிறோம். டி.எம்.சி. என்றால் ஆயிரம் மில்லியன் கன அடி. அடுக்கில் எழுதினால் 10³ × 10⁶ = 10⁹ கன அடி. ஒரு கன அடிக்குச் சுமார் 28.3 லிட்டர். ஆகவே ஒரு டி.எம்.சி. என்பது 2.83 × 10¹⁰ லிட்டர், அதாவது 2,830 கோடி லிட்டர். அணை நிரம்பினால் சுமார் 9.3 × 10¹¹ லிட்டர்.

இவ்வளவு தண்ணீரும் விவசாயத்துக்குப் போகாமல் கோவை மாவட்ட மக்களின் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று, வெறும் கணக்குக்காக, வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர். எத்தனை நாளைக்கு வரும்?

மொத்தத் தேவை ஒரு நாளைக்கு: 3.5 × 10⁶ × 10² = 3.5 × 10⁸ லிட்டர்.
வகுத்தால்: (9.3 ÷ 3.5) × 10¹¹⁻⁸ = சுமார் 2.66 × 10³ நாள்.

அதாவது 2,660 நாள், ஏழு வருடத்துக்கு மேல். இதையே சைபர் சைபராக எழுதி வகுத்துப் பாருங்கள், அறிவியல் குறியீட்டின் அருமை தெரியும்.

சின்ன எண்ணுக்கும் இதே முறைதான். நம் மில்களில் நூற்கிற பஞ்சின் ஒரு இழை சுமார் 15 மைக்ரான் தடிமன் இருக்கும். மைக்ரான் என்றால் மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, 10⁻⁶ மீட்டர். ஆகவே இழையின் தடிமன் 1.5 × 10⁻⁵ மீட்டர். 0.000015 என்று எழுதிச் சைபரை எண்ணிக்கொண்டு இருப்பதைவிட இது எளிது.

கூட்டும்போது மட்டும் கவனம் தேவை. 3 × 10⁵ உடன் 2 × 10⁴ கூட்டினால் 5 × 10⁹ என்று சில பிள்ளைகள் எழுதுவார்கள். அவர்களிடம் ரூபாயாகக் கேளுங்கள்: "மூணு லட்சமும் இருபதாயிரமும் எவ்வளவு சாமி?" "மூணு லட்சத்து இருபதாயிரம்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். அதாவது 3.2 × 10⁵. கூட்டுவதற்கு முன் இரண்டையும் ஒரே அடுக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் விதி.

கம்ப்யூட்டர் பதிவில் வரும் 'ஈ'

குழுக்கணக்கர்களும் கூட்டமைப்பில் கம்ப்யூட்டர் பதிவு செய்கிற சகோதரிகளும் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். எக்ஸெல் கட்டத்தில் 12 இலக்க ஆதார் எண்ணையோ நீளமான வங்கிக் கணக்கு எண்ணையோ அடித்தால், சில சமயம் 1.23457 என்று காட்டி, பக்கத்தில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் +11 என்ற எண்ணும் வந்து நிற்கும். கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. அது அறிவியல் குறியீட்டில் எழுதுகிறது. 'ஈ +11' என்றால் 'பெருக்கல் பத்தின் அடுக்கு 11' என்று அர்த்தம்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் சரியாக நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணாக இருந்தால் கடைசி இலக்கத்தைச் சைபராக மாற்றிவிடும். சத்தமே இல்லாமல் எண் மாறிப்போகும். அந்தப் பட்டியலை அப்படியே வங்கிக்கு அனுப்பினால் ஓர் உறுப்பினரின் பணம் போய்ச்சேராமல் நிற்கலாம்.

இதற்கு வழி சுலபம். எண்ணை அடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் தொலைந்த இலக்கம் திரும்பி வராது. அடித்து முடித்ததும் பாஸ்புக்கோடு கடைசி நான்கு இலக்கத்தையாவது ஒத்துப்பாருங்கள்.

வட்டிக்கு வட்டி

நம் குழுவில் உள்கடன் வாங்கினால் மீதி இருக்கிற அசலுக்குத்தான் வட்டி. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் வாங்கி, மாதம் 1,000 வீதம் பத்து மாதத்தில் அடைத்தால், வட்டி 100, 90, 80 என்று குறைந்துகொண்டே வந்து மொத்தம் 550 ரூபாயோடு முடிந்துவிடும். இதில் அடுக்கே கிடையாது. கூட்டலும் கழித்தலும்தான்.

வெளியில் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டிக்கு வாங்கி, கட்ட முடியாமல் போய், கட்டாத வட்டியையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போட்டால் கதையே வேறு. முதல் மாத முடிவில் கடன் 1.1 மடங்கு. இரண்டாம் மாத முடிவில் 1.1 × 1.1. மூன்றாம் மாத முடிவில் 1.1³. 'எத்தனை மாதம்' என்பது மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

10,000 ரூபாய்க் கடன், நடுவில் ஒன்றும் கட்டவில்லை என்றால்:

10 மாதத்தில்: தனி வட்டியில் 20,000. வட்டிக்கு வட்டியில் 25,937.
12 மாதத்தில்: தனி வட்டியில் 22,000. வட்டிக்கு வட்டியில் 31,384.
24 மாதத்தில்: தனி வட்டியில் 34,000. வட்டிக்கு வட்டியில் 98,497.

ஆரம்பத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தோன்றும். அடுக்கின் குணமே அதுதான். முதல் சில படிகளில் அடங்கி இருக்கும், பிறகு நம் கையை மீறிப் போய்விடும். இரண்டே வருடத்தில் பத்தாயிரம் ஒரு லட்சத்தைத் தொட்டு நிற்கிறது. அநியாய வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் துணை நமக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

இதே கணக்கு சேமிப்பில் நமக்குச் சாதகமாக வேலை செய்யும். வருடத்துக்கு எத்தனை சதவீத வட்டி என்று பார்த்து, அந்த எண்ணால் 72-ஐ வகுத்தால், பணம் இரட்டிப்பாக ஏறக்குறைய எத்தனை வருடம் ஆகும் என்று தெரிந்துவிடும். 8 சதவீதம் என்றால் 72 ÷ 8 = 9 வருடம். ஒழுங்கான இடத்தில் போட்ட பணம் இப்படித்தான் நிதானமாக வளரும்.

"ஒரே வருஷத்துல டபுள்" என்று யாராவது சொன்னால், அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. வருடா வருடம் இரட்டிப்பானால் பத்து வருடத்தில் 2¹⁰, அதாவது 1,024 மடங்கு. அவருடைய சொந்தப் பணம் 10,000 ரூபாய் பத்து வருடத்தில் ஒரு கோடியே இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆகிவிடும். அப்படிப்பட்ட தொழிலைக் கையில் வைத்திருக்கிறவர் நம் வீட்டு வாசலுக்கு வந்து எதற்காக நம்முடைய பத்தாயிரத்தைக் கேட்கிறார்?

ஆறே ஆறு பேர்தானா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். "ஐயாயிரம் கட்டிச் சேருங்க. ஆறு பேரைச் சேர்த்துவிடுங்க. அவங்க ஆளுக்கு ஆறு பேரைச் சேர்ப்பாங்க. உங்களுக்கு வீட்டில் இருந்தபடியே கமிஷன் வந்துகிட்டே இருக்கும்." பொருளின் பெயர் மாறும், கம்பெனியின் பெயர் மாறும், நோட்டீஸுக்குப் பதில் செல்போன் செயலி வரும். இந்தப் பேச்சு மட்டும் மாறாது. ஆறு பேர் என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறது. அக்கா, தங்கச்சி, நாத்தனார், குழுவில் மூன்று பேர், முடிந்துவிட்டது! ஆனால் படிக்குப் படி அடுக்கைப் போட்டுப் பாருங்கள்.

1-ஆம் படி: 6
2-ஆம் படி: 36
3-ஆம் படி: 216
4-ஆம் படி: 1,296
5-ஆம் படி: 7,776
6-ஆம் படி: 46,656
7-ஆம் படி: 2,79,936
8-ஆம் படி: 16,79,616
9-ஆம் படி: 1,00,77,696
10-ஆம் படி: 6,04,66,176

ஒன்பதாம் படியிலேயே கோவை மாவட்டத்தைப்போல ஏறக்குறைய மூன்று மாவட்டம் வேண்டும். பத்தாம் படிவரை சேர்ந்த எல்லோரையும் கூட்டினால் 7 கோடியே 25 லட்சத்துக்கு மேல். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்களே 7 கோடியே 21 லட்சம்தான். கைக்குழந்தை முதல் கட்டிலில் கிடக்கிற தாத்தா வரை எல்லோரும் ஐயாயிரம் கட்டியாக வேண்டும்! பன்னிரண்டாம் படிக்கு 217 கோடி பேர் வேண்டும், இந்தியா போதாது. பதின்மூன்றாம் படிக்கு 1,306 கோடி பேர் வேண்டும். உலக மக்கள்தொகை 2022-ல்தான் 800 கோடியைத் தொட்டது.

ஆகவே சங்கிலி அறுந்தே தீரும். அதை நடத்துகிறவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே இல்லை. பெருக்கல் விதி அப்படி.

அறுபடும்போது யார் நஷ்டப்படுகிறார்கள் என்பதையும் கணக்கே சொல்லிவிடும். மூன்றாம் படியோடு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 + 6 + 36 + 216 = 259 பேர். கடைசிப் படியில் இருக்கும் 216 பேருக்குக் கீழே ஒருவரும் இல்லை. பணம் கட்டினார்கள், கமிஷன் ஒரு ரூபாய்கூட வரவில்லை. 259-ல் 216 என்றால் நூற்றுக்கு 83 பேர். ஐந்தாம் படியில் நின்றாலும் பத்தாம் படியில் நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. எப்போதும் ஆறில் ஐந்து பங்கு பேர் கடைசிப் படியில்தான் இருப்பார்கள்.

அந்தக் கடைசிப் படியில் நிற்பவர்கள் யார்? நம் பேச்சை நம்பி வந்த நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, குழுவில் நம் பக்கத்தில் உட்காருகிற சகோதரி. பணம் போனால் உழைத்துச் சம்பாதிக்கலாம். வாரா வாரம் கூடி, ஒருவருக்கு ஒருவர் ஜாமீனாக நின்று, வருடக்கணக்கில் வளர்த்த நம்பிக்கை போனால் குழுவே உடைந்துவிடும்.

புதிதாக வருகிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கிற எல்லாத் திட்டத்துக்கும் இதே முடிவுதான். நம் கொங்கு மண்டலம் இதை நிறையப் பார்த்துவிட்டது. திருப்பூரில் இயங்கிய பாசி நிறுவனம், அந்நியச் செலாவணி வியாபாரத்தில் அதிக லாபம் என்று சொல்லி மக்களிடம் வாங்கியது 900 கோடி ரூபாய்க்கும் மேல். அடுக்கில் எழுதினால் 9 × 10⁹. 2009-ல் அது சரிந்தது. 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் அதன் இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இடையில் பதின்மூன்று வருடம் ஓடிவிட்டது. அதேபோல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் 2012-ல் கவிழ்ந்ததையும் நாம் மறக்கவில்லை.

ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் காட்டுகிற பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் இத்தகைய பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன. பொருளை உண்மையாகவே வாடிக்கையாளருக்கு விற்று லாபம் பார்ப்பது வேறு, ஆள் சேர்த்துக் கமிஷன் பார்ப்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: "நாளையிலிருந்து புதுசா ஒருத்தரும் சேரலைன்னா எனக்குப் பணம் எங்கிருந்து வரும்?" இதற்கு நேரான பதில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம். செல்போன் வழியாக ஏமாற்றப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசலாம்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

அடுத்த கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கி, பள்ளி போகும் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, இவற்றைப் போட்டுப் பாருங்கள்.

1. 3⁴ எவ்வளவு?
2. 5⁰ எவ்வளவு?
3. 10⁸ என்பது எத்தனை கோடி?
4. 72,000-ஐ அறிவியல் குறியீட்டில் எழுதுங்கள்.
5. 4 × 10⁶, 9 × 10⁵: எது பெரிது?
6. ஆளுக்கு மூன்று பேரைச் சேர்க்கும் சங்கிலியில் ஆறாம் படியில் எத்தனை பேர் வேண்டும்?

விடைகள்: 1) 81. 2) 1. 3) பத்துக் கோடி. 4) 7.2 × 10⁴. 5) 4 × 10⁶ பெரிது, முதலில் அடுக்கைத்தான் பார்க்க வேண்டும். 6) 3⁶ = 729.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. கணித மேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று பிறந்தது நம் ஈரோட்டில்தான். லண்டனில் அவர் நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்தபோது பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729 என்றும் அதில் விசேஷம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னாராம். ராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வெவ்வேறு விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அதுதான் என்றார். 1³ + 12³ = 1729. 9³ + 10³ = 1729. சரிதானா என்று பிள்ளைகளே பெருக்கிப் பார்க்கட்டும். அடுக்கு தெரிந்த பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை.

நம் குழுச் சேமிப்பு மெதுவாகத்தான் வளரும். 15 பேர், மாதம் 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு 18,000. அதில் மாயம் எதுவும் இல்லை. ஆனால் யார் போட்டது, யார் வாங்கியது, எப்போது திரும்பி வரும் என்று ஒவ்வொரு ரூபாயும் நம் பதிவேட்டில் இருக்கிறது. "ஆள் சேர்த்தால் பணம் என்று சொல்லும் எந்தத் திட்டத்திலும் குழுவின் பெயரிலோ குழுக் கடனை வைத்தோ சேர மாட்டோம்" என்று ஒரு தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். யாராவது வந்து ஆறு பேர் கணக்குச் சொன்னால், அந்தத் தீர்மானத்தோடு மேலே உள்ள பத்துப் படிப் பட்டியலையும் எடுத்துக் காட்டுங்கள்.